ஹேக்கர் நெட்டுக்குள் போனாலும் மற்றவர்கள் ஆட்டத்தில் இருக்க: சைபர்பங்க் ஆர்பிஜிக்கு ஹவுஸ் ரூல் எழுதுவது எப்படி

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு. அதில் ஹேக்கர்களும் இயந்திர உறுப்புகளும் நிறைந்த எதிர்கால உலகத்தில் நடக்கும் சைபர்பங்க் வகையை நடத்த ஆரம்பிக்கும் எந்த கேம் மாஸ்டருக்கும் (கதையை நடத்துபவருக்கும்) முதல் சில செஷன்களிலேயே இந்தத் தலைவலி வந்துவிடும். குழுவில் ஒருவர் ஹேக்கர். அவர் நெட்டுக்குள் நுழைகிறார், பகடை உருட்டுகிறார், ஃபயர்வாலை உடைக்கிறார், மறுபடி உருட்டுகிறார், உள்ளே ஒரு காவல் புரோகிராம் குறுக்கே வருகிறது, அதோடு தனியாக ஒரு சண்டை. அரை மணி நேரம் ஓடிவிடும். அந்த அரை மணி நேரமும் மற்ற எல்லாரும் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அவர்கள் சுடத் தொடங்கும்போது ஹேக்கர் ஆடுபவர் சும்மா உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் அவருடைய கேரக்டருக்குச் சுடத் தெரியாது.

இது இந்த வகை விளையாட்டுகளோடு கூடவே பிறந்த சிக்கல். சைபர்பங்க் என்ற பெயரிலேயே வந்த விளையாட்டின் முதல் பதிப்பு 1988-இலும், இதே வகையைச் சேர்ந்த ஷேடோரன் 1989-இலும் வந்தன. அதற்கப்புறம் வந்த பதிப்புகள் இதைச் சரிசெய்ய ஒவ்வொரு வழியாகப் பார்த்திருக்கின்றன. ஷேடோரனின் நான்காம் பதிப்பு 2005-இல் வந்தபோது அந்த உலகத்தின் நெட்டையே வயர்லெஸ் ஆக்கி, ஹேக்கரை மற்றவர்களோடு சேர்ந்து நடக்க வைத்தது. 2020-இல் வந்த சைபர்பங்க் ரெட், இணைப்புப் புள்ளியிலிருந்து 6 மீட்டருக்குள் நின்றால்தான் நுழைய முடியும் என்று ஆக்கியது. இரண்டுமே நல்ல விடைகள்தான். ஆனாலும் உங்கள் மேசையில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் கிடைக்கும், ஹேக்கர் ஆடுபவருக்குக் கணக்கு பிடிக்குமா, கதை பிடிக்குமா என்பதெல்லாம் புத்தகத்துக்குத் தெரியாது. ஹவுஸ் ரூல், அதாவது உங்கள் மேசைக்கென்று நீங்களே எழுதிக்கொள்ளும் விதி, தேவைப்படுவது அதற்குத்தான்.

கீழே வரும் எல்லாமே ஒரே எண்ணத்திலிருந்து வருகிறது: ஹேக்கர் செய்யும் ஒவ்வொரு காரியமும், அடுத்த டர்ன் வருவதற்குள், அறையில் நிற்கும் இன்னொருவருக்கு ஏதாவது ஒன்றை மாற்றியிருக்க வேண்டும். கதவு திறக்கலாம், விளக்கு அணையலாம், எதிரி திரும்பிப் பார்க்கலாம். எதுவும் மாறவில்லையென்றால் அந்த உருட்டலே வேண்டாம். இந்த வரியைத் தாளின் தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முதல் வேலை: குறை என்ன என்று எழுதுங்கள்

புத்தகத்தில் இருக்கும் விதியை ஒரு தடவையாவது அப்படியே ஆடிப் பாருங்கள். ஆடாமலேயே மாற்றத் தொடங்கினால் எந்தத் திருகாணி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கழற்றுகிற கதைதான். ஆடி முடித்ததும் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "ஹேக்கிங் ரொம்ப நேரம் இழுக்கிறது" என்பது ஒரு குறை. "ஹேக்கர் ஒரே உருட்டலில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார், மற்றவர்களுக்கு வேலையே இல்லை" என்பது அதற்கு நேர் எதிரான குறை. "ஹேக்கர் ஆடுபவருக்கே விதி புரியவில்லை" என்பது மூன்றாவது, அதற்கு ஹவுஸ் ரூல் தேவையே இல்லை, ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். எந்தக் குறைக்கு மருந்து தேடுகிறீர்கள் என்று தெரியாமல் விதி எழுத உட்காராதீர்கள்.

இதை ஹேக்கர் ஆடுபவரோடு உட்கார்ந்து பேசிச் செய்யுங்கள். அவருடைய கேரக்டரின் பலத்தைத்தான் நீங்கள் தொடப்போகிறீர்கள். அவருக்குத் தெரியாமல் மாற்றிவிட்டு அடுத்த செஷனில் அறிவித்தால், விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவருக்குத் தண்டனை மாதிரிதான் படும்.

தூரம்

ஹேக்கர் வீட்டுக்கட்டிலில் படுத்துக்கொண்டே உலகத்தின் மறுமூலையில் இருக்கும் கதவைத் திறக்கலாமா? கூடாது என்பதே என் பதில். தூரத்திலிருந்து ஹேக் செய்ய முடிந்தால் அவர் ஆபத்துக்குள் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போகும், குழுவோடு சேர்ந்து நடக்க மாட்டார், கதை இரண்டாகப் பிரியும். முக்கியமான எதுவும் வெளி நெட்டோடு இணைந்திருக்காது, உள்ளே போய்த்தான் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்காக வலிந்து சொல்வது இல்லை இது, நிஜத்திலும் முக்கியமான கட்டுப்பாட்டு இயந்திரங்களை வெளி இணையத்திலிருந்து பிரித்து வைக்கிற பழக்கம் உண்டு. 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அப்படிப் பிரித்து வைக்கப்பட்ட இடங்களுக்குள் யுஎஸ்பி டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் கையில் எடுத்துப்போய்ச் செருக வேண்டும். அந்த "யாரோ ஒருவர்" உங்கள் குழுவில் யார் என்பதிலேயே ஒரு முழு செஷன் இருக்கிறது.

எத்தனை மீட்டர் என்பது உங்கள் இஷ்டம். ஒரே அறை அல்லது பக்கத்து அறை என்று சொல்லிவிட்டால் அளவுகோல்கூட வேண்டாம்.

வரைபடத்தைச் சுருக்குங்கள்

புதிதாக நடத்துபவர்கள் நெட்டை ஒரு சுரங்கம் மாதிரி வரைந்துவிடுவார்கள்: பத்துப் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலன். வரைய ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரே ஆள் ஆடும் தனி விளையாட்டு.

ஒரு கட்டடத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து முனைகள் (கேமரா, ட்ரோன் மாதிரி ஹேக் செய்யக்கூடிய பொருட்கள்) போதும். ஒவ்வொரு முனையையும் ஒரு சின்ன அட்டையில் எழுதுங்கள். அட்டையில் மூன்று விஷயங்கள்தான் இருக்க வேண்டும்: நிஜ அறையில் எந்தப் பொருள் அது, எந்த எண்ணைத் தாண்ட வேண்டும், தாண்டினால் கண்முன்னே என்ன நடக்கும். "தரவுக் கிடங்கு, நிலை 3" என்று எழுதினால் பயனில்லை. "நடைபாதைக் கேமராக்கள், 8, அடுத்த வளைவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும்" என்று எழுதினால் ஆடுபவருக்கு அதை என்ன செய்யலாம் என்று உடனே தோன்றும். அட்டைகளை மேசையின் நடுவில் வையுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். துப்பாக்கிக்காரர் ஆடுபவர் "அந்த ட்ரோனை எடுத்துக்கொடு, நான் இந்தப் பக்கம் போகிறேன்" என்று சொல்லத் தொடங்கும் தருணத்தில் நீங்கள் பாதி வென்றாயிற்று.

உருட்டல் கணக்கு

இங்கேதான் பெரும்பாலான ஹவுஸ் ரூல்கள் கவிழ்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு எளிய முறை எடுத்துக்கொள்வோம். பத்துமுகப் பகடை ஒன்று, அதோடு ஹேக்கரின் திறன் எண். கூட்டினால் அட்டையில் இருக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ வர வேண்டும். திறன் 4 என்றால், எண் 8 உள்ள முனைக்கு வெற்றி வாய்ப்பு 70 சதவீதம், 10-க்கு 50, 12-க்கு 30. எழுபது சதவீதம் என்றால் நல்ல வாய்ப்புதானே என்று தோன்றும்.

ஆனால் நீங்கள் ஒரு கோப்பை எடுக்க முதலில் நுழைய ஒரு உருட்டல், ஃபயர்வாலுக்கு ஒன்று, கோப்பைக் கண்டுபிடிக்க ஒன்று, நகலெடுக்க ஒன்று என்று நான்கு உருட்டல் கேட்டால், நான்கும் வெற்றி பெறும் வாய்ப்பு வெறும் 24 சதவீதம். மூன்று கேட்டால் 34. அதாவது தன் வேலையில் கெட்டிக்காரர் என்று நீங்களே எண் கொடுத்த ஒரு கேரக்டர், நான்கில் மூன்று தடவை தோற்கும்படி நீங்களே விதி எழுதியிருக்கிறீர்கள். ஹேக்கர் ஆடுபவர்கள் "என் கேரக்டர் உதவாக்கரை" என்று நொந்துகொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பகடை அல்ல.

ஆகவே ஒரு நோக்கத்துக்கு ஒரு உருட்டல். நுழைவதற்குத் தனியாக உருட்டாதீர்கள், கம்பியைச் செருகினால் உள்ளே வந்தாயிற்று. ஒரு டர்னுக்கு ஒரு முனை. எல்லாரும் ஆடும் அதே வரிசையில் அவரும் ஆடுவார், தனி நேரம் கிடையாது.

தோற்றால் என்ன? "ஒன்றும் நடக்கவில்லை" என்ற பதிலை முழுக்க ஒழித்துவிடுங்கள். என் மேசையில் தோற்றவருக்கு இரண்டு வழிகள்: விட்டுவிடலாம், அல்லது விலை கொடுத்துச் சாதிக்கலாம். விட்டுவிட்டால் எச்சரிக்கை மணி, அதாவது ஆபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்று காட்டும் எண்ணிக்கை, ஒரு கட்டம் ஏறும். விலை கொடுத்தால் நினைத்தது நடக்கும், ஆனால் மணி இரண்டு கட்டம் ஏறும், கட்டடத்தின் மிகக் கடினமான முனை என்றால் மூன்று. ஒரே முனையில் ஒரு தடவைதான் இப்படி விலை கொடுக்கலாம். இதில் அழகு என்னவென்றால், அந்த முடிவை எடுக்கும்போது மேசையில் எல்லாரும் பேசுவார்கள். வரப்போகும் ஆபத்து எல்லாருக்கும் பொதுவானதாயிற்றே.

எச்சரிக்கை மணி

ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரியுங்கள், மணி ஒரு கட்டம் ஏறினால் ஒரு துண்டு நிரம்பும். 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டு இந்த வகை வட்டங்களை நன்றாகப் பயன்படுத்தியது, இப்போது பல விளையாட்டுகளில் பார்க்கலாம். ஷேடோரனின் ஐந்தாம் பதிப்பிலும் இதே மாதிரி ஒரு எண்ணிக்கை உண்டு. சட்டவிரோதமாக ஏதாவது செய்யச் செய்ய அது ஏறும், 40-ஐத் தொட்டால் நெட்டின் காவலர்கள் ஹேக்கரைத் தாக்கி வெளியே தள்ளி, அவர் உடல் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுப்பார்கள். ஆனால் அந்த எண்ணை கேம் மாஸ்டர் ரகசியமாக வைத்துக்கொள்வார். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன், மணி எல்லாருக்கும் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துதான் ஆளை முடிவெடுக்க வைக்கும்.

தோல்விக்கு மட்டும் மணி ஏறும் என்று வைத்தால் போதாது. 70 சதவீத வெற்றி வாய்ப்பில் சராசரியாக இருபது டர்ன் ஆகும் ஆறு கட்டமும் நிரம்ப, அதற்குள் எல்லாரும் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஹேக்கர் இணைந்திருக்கும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தானாகவே ஒரு கட்டம் ஏறட்டும். அப்போது ஒரு சுற்றுக்குச் சராசரி 1.3 கட்டம், நான்கு ஐந்து சுற்றில் மணி நிரம்பிவிடும். துப்பாக்கிச் சண்டை ஒன்று ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் போகும், ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். உங்கள் சண்டைகள் நீளமானவை என்றால் எட்டுத் துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மணி ஏறினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள், அப்போதைக்கு யோசிக்காதீர்கள். இரண்டாம் கட்டத்தில் காவலர்கள் வாக்கிடாக்கியில் ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். நான்கில் கதவுகள் பூட்டிக்கொள்கின்றன. ஆறில் எதிர்த்தரப்பு ஹேக்கர் வருகிறார், நம்மாள் செருகியிருக்கும் சுவர்ப் பலகை எது என்பதும் தெரிந்துவிடுகிறது. இவை எல்லாமே அறையில் நடப்பவை என்பதைக் கவனியுங்கள்.

ஆடும்போது எப்படி இருக்கும்

ஒரு மருந்து நிறுவனத்தின் நிலவறை. ஹேக்கர் பெயர் பல்லி, அடிதடிக்கு இடி, பேச்சுக்கு மைனா. பல்லி நடைபாதைச் சுவரில் கம்பியைச் செருகுகிறார், மணி ஒன்று. கேமராவுக்கு எண் 8, பகடையில் 5, திறனோடு 9, வெற்றி. நான் சொல்வது: "கேமரா உன் கையில். வலது வளைவில் இரண்டு காவலர்கள், இன்னும் பத்து நொடியில் திரும்பிவிடுவார்கள். இதை யாரிடம் சொல்கிறாய்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பல்லி ஆடுபவர் தகவலைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. அவர் இடியிடம் சொல்கிறார், இடி கதவுக்குப் பின்னால் பதுங்கி, தன் அடுத்த தாக்குதலுக்கு இரண்டு கூட்டிக்கொள்கிறார்.

இரண்டாம் சுற்று, மணி இரண்டு, வாக்கிடாக்கி கரகரக்கிறது. பல்லி ட்ரோனைப் பிடிக்கப் பார்க்கிறார், எண் 10. பகடையில் 3, மொத்தம் 7, தோல்வி. "விட்டுவிடுகிறாயா, விலை கொடுக்கிறாயா?" மைனா ஆடுபவர் உடனே குறுக்கே வருகிறார், "விடாதே, நான் திறந்த வெளியில் நிற்கிறேன்." விலை கொடுக்கிறார்கள். ட்ரோன் தன் விளக்கைக் காவலர்களின் கண்ணில் அடிக்கிறது, மைனா ஓடிக் கடக்கிறார். மணி நான்கு, கதவுகள் பூட்டிக்கொண்டன, இடி ஒரு பக்கம், மைனா மறுபக்கம். இவ்வளவும் நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், யார் கையிலும் போன் இருக்காது.

மற்றவர்களுக்கும் நெட்டில் வேலை கொடுங்கள்

ஹேக்கிங்கில் சேர ஹேக்கராக இருக்கத் தேவையில்லை என்று ஒரு விதி எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் தன் டர்னில் மின்பெட்டியை உடைத்து, அல்லது வாக்கிடாக்கி வைத்திருப்பவரை மடக்கி, மணியை ஒரு கட்டம் இறக்கலாம். பேச்சுக்காரர் முன்கூட்டியே ஒரு ஊழியரிடமிருந்து கடவுச்சொல்லைக் கறந்து வந்திருந்தால் ஒரு முனைக்கு உருட்டலே வேண்டாம். நிஜ ஊடுருவல்களும் இப்படித்தான் நடக்கின்றன. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய மந்திரத்தால் அல்ல, தொழிற்சாலையில் வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். 2013-இல் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர் ஒன்றுக்குள் திருடர்கள் நுழைந்தது, அதற்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒப்பந்தக்காரரின் கணக்கு வழியாக. உங்கள் மைனாவுக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? ஏசி மெக்கானிக் வேடம் போட்டு முன்னாடியே போகட்டும்.

கருவிகளைப் பற்றி ஒரே வரி: ஒரு வேலைக்கு மூன்று புரோகிராம்தான் எடுத்துப்போகலாம், கிளம்புமுன் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளமான பட்டியல் வைத்திருந்தால் ஒவ்வொரு டர்னிலும் அதைப் படித்துக்கொண்டிருப்பார்.

உடலை ஹேக் செய்வது

எதிரியின் செயற்கைக் கண்ணை அணைக்கலாமா, இயந்திரக் கையை உறைய வைக்கலாமா என்று உங்கள் ஹேக்கர் கண்டிப்பாகக் கேட்பார். கேட்கட்டும், இந்த உலகத்தின் சுவையே அதுதான். ஆனால் அவரால் முடிந்தது எதிரியாலும் முடியும். ஒரே டர்னில் எதிரியின் இதயத்தை நிறுத்தலாம் என்று இன்று அனுமதித்தால், அடுத்த வாரம் எதிர்த்தரப்பு ஹேக்கர் உங்கள் இடியின் இதயத்தை நிறுத்துவார், ஆடுபவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு டர்ன் விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் டர்னில் பிடி கிடைக்கிறது, பாதிக்கப்படுபவருக்கு அது தெரியும், கண்ணில் கோடுகள் ஓடும், கை நடுங்கும். இரண்டாம் டர்னில்தான் விளைவு. இடையில் அவர் தன் ஒரு செயலைச் செலவழித்து அந்த உறுப்பை ரீபூட் செய்து தப்பலாம், அப்படிச் செய்தாலே அவருடைய டர்ன் போச்சு, ஹேக்கருக்கு அது பாதி வெற்றி. உயிரைப் பறிக்கும் விளைவு எதுவும் கிடையாது. அப்புறம், ஆடுபவர்களின் கேரக்டர் மனதைப் பிடித்து ஆட்டுவிக்கும் ஹேக்கிங் வேண்டுமா என்பதை முதல் செஷனுக்கு முன்பே எல்லாரிடமும் கேளுங்கள், ஒருவர் வேண்டாம் என்றாலும் அது உலகத்தில் இல்லை. இதில் பேரம் பேசாதீர்கள்.

ஓட்டிப் பாருங்கள்

பெரிய கதைக்குள் கொண்டுபோகுமுன் இருபது நிமிடத்துக்கு ஒரு சின்னக் காட்சி ஆடுங்கள்: ஓர் அறை, நான்கு அட்டை, ஒரு மணி. ஸ்டாப்வாட்ச் வைத்து, ஹேக்கரின் டர்ன் எவ்வளவு நேரம் எடுக்கிறது, மற்றவர்களின் டர்ன் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹேக்கருக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது என்றால் இன்னும் எதையோ வெட்ட வேண்டும், பெரும்பாலும் அது முனைகளின் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். ஒரு சமயத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், மூன்று செஷன் கழித்து மறுபடி பேசுவோம் என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் ஒரு விதி: ஹேக்கர் ஆடுபவர் வராத நாளுக்கு என்ன செய்வது? கதை முழுக்க ஒருவர் வருகையில் தொங்கக் கூடாது. குழுவுக்கு ஒரு கூலி ஹேக்கர் கிடைப்பார், திறன் 2, மேசையில் யாராவது ஒருவர் தன் கேரக்டரோடு சேர்த்து அவரையும் ஆடலாம், விலை கொடுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது, கூலியாகக் கொள்ளையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். இதையும் அந்த ஒரு பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.